கை சரியானதும்

— எழுந்து போகாதே அக்கா. இந்தக் கடைசித் துண்டை மட்டும் பாத்துட்டுப் போ.

— எத்தனை தடவைடா பாக்கறது? கைன்னு சொல்றே, புள்ளி புள்ளியா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. காபி பொங்கி வழியப் போகுது.

— அடுப்ப அணைச்சுட்டேன். உக்காரு.

— ஆளை உக்கார வெச்சு மிரட்டறது பல் டாக்டர் வேலைடா வாண்டு. என்கிட்டயே காட்டறியா?

— அதாவது, நான் மிரட்டல. கேக்கறேன். இவ்ளோ நாளா தினம் போன் முன்னாடி கைய நீட்டி விரல மடக்கறே. அது உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?

— நீ எழுதின புரோகிராம். என் தம்பி எழுதினான், நல்லாத்தான் இருக்கும். அதுக்கு மேல எனக்கு எதுக்கு?

— சொல்றேன் கேளு. போன் உன் கையப் படம் புடிக்குது. அந்தப் படத்துல மணிக்கட்டுல ஒரு புள்ளி வைக்குது. அப்புறம் விரலுக்கு நாலு. அடி, நடு, அதுக்கு மேல ஒண்ணு, நுனி. மொத்தம் இருபத்தொண்ணு. அந்தப் புள்ளிங்களுக்கு நடுவுல கோடு இழுத்தா, எந்த மூட்டு எவ்ளோ மடங்குதுன்னு கணக்கு வந்துடும். படம் உன் போன்லயே அழிஞ்சுடும். எனக்கு வர்றது வெறும் புள்ளிதான்.

— அது நான் சொல்லித்தானே பண்ணே? அடிபட்ட கைய ஊர்ல யாரும் பாக்க வேணாம்னு.

— ஆமா. அதனால நானும் பாத்ததில்ல. புள்ளிங்களத்தான் பாத்தேன். ஆபீஸ்ல ஒரு பக்கம் வேலை ஓடும், இன்னொரு பக்கம் உன் விரல் ஓடும். பாதி மடங்கும், நடுங்கும், நின்னுடும். மறுநாளும் அதே பாதி. மாசக்கணக்கா அதே பாதி. எனக்கு சோறு இறங்கல அக்கா.

— அதான் துரும்பா இளைச்சுட்டே. கன்னம் ஒட்டிப்போச்சு.

— பேச்ச மாத்தாதே.

— சரிதான் போ. சொல்லு.

— தினமும் கடைசில ஒரு குப்பை வரும். நீ பயிற்சி முடிச்சு போன எடுப்பேல்ல, அப்ப கை கேமராவுக்கு ரொம்பக் கிட்ட வந்துடும். புள்ளியெல்லாம் பெருசாகி தாறுமாறா ஓடும். கணக்கக் கெடுக்குதேன்னு அந்தத் துண்ட வெட்டி எறியச் சொல்லி ஆரம்பத்துலயே எழுதிட்டேன். போன வாரம் வேற எதுக்கோ அந்த வெட்டற வரிய எடுத்துவிட்டேன். இப்பப் பாரு.

— என்னத்தப் பாக்க?

— இது உன் கட்டைவிரல். இது ஆள்காட்டி விரல். ரெண்டு நுனியும் ஒட்டுது பாத்தியா? மத்த மூணு விரலும் பின்னாடி போய் மடங்குது. முழுசா. போன அழகா புடிச்சுத் தூக்குது. ஊசில நூல் கோக்கற கை மாதிரி இருக்கு.

— அது இடது கையா இருக்கும். வலது கை அப்படியே கெடக்கும், இடது கையால நிறுத்துவேன்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா உன் வலது மோதிர விரல் எலும்பு கூடினப்ப நுனி கொஞ்சம் நடுவிரல் பக்கம் சாஞ்சு கூடிச்சு. டாக்டரே சொன்னாரு. இங்க பாரு, சாயுது. அந்த சாய்வு இடது கைக்கு ஏது?

— உன் மெஷின் தப்பா காட்டுது.

— அதுவும் யோசிச்சேன். ஒரு விரல் இன்னொண்ணுக்குப் பின்னாடி மறைஞ்சா மெஷினுக்குத் தெரியாது. அங்கதான் இருக்கும்னு அதுவா ஒரு புள்ளி வெச்சுடும். நம்ம சித்தப்பா கதை சொல்ற மாதிரி, பாக்காததையும் பாத்த மாதிரியே சொல்லும். அப்படித்தான் இதுவும் சும்மா அடிச்சு விடுதுன்னு என் புரோகிராம மறுபடி மறுபடி திட்டிக்கிட்டே சோதிச்சேன். ஒரு நாள்னா சரி. எல்லா நாளும் அதே மாதிரி வருது. மெஷின் பொய் சொல்லல அக்கா.

— அப்போ நான் சொல்றேன்னு சொல்றே.

— வலிக்குதா? அதனால மடக்க பயமா? டாக்டர்கிட்ட போலாம். மனசுல பயம் இருந்தாலும் கை ஓடாதாம், படிச்சேன்.

— பெரிய படிப்பு. பாத்ரூம்ல போய் கொடில தொங்கற சின்னப் பைய எடுத்துட்டு வா.

— எதுக்கு?

— எடுத்துட்டு வாடா.

— ...என்ன அக்கா இது? சோப்பு வாசன வருது. பல்லா?

— கடைவாய்ப் பல்லு. காலேஜ்ல மெழுகுல செதுக்கச் சொல்லுவாங்க. வீட்ல மெழுகு இல்ல, சோப்பு இருந்துச்சு. உங்க மாமா வாங்கி வாங்கி வைக்கறாரு, நான் செதுக்கிச் செதுக்கித் தீக்கறேன். எலி தின்னுதுன்னு பொறி வெச்சிருக்காரு பாவம்.

— இது நீ... இந்தக் கையாலயா? இந்தப் பள்ளம், இந்த மேடு எல்லாம்?

— பின்ன காலாலயா?

— அக்கா.

— டேய். டேய் என்ன இது? கண்ணத் தொடச்சுக்கோ. உன் மூக்கு ஒழுகி லேப்டாப்புல விழப்போகுது.

— அழலை. அதாவது... அழலைக்கா. அப்பாடான்னு இருக்கு. உனக்குத் தெரியாது. எங்க ஒரு கடை ஷட்டர் சத்தம் கேட்டாலும் காதப் பொத்திக்குவேன். அந்த வேலைய, வெளிநாட்டு வேலைய, வேணாம்னுட்டேன். நீ இப்படி இருக்கறப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுன்னு. இப்ப... கை சரியாயிடுச்சு. சரியாயிடுச்சுல்ல?

— சரியாயிடுச்சு. எப்பவோ சரியாயிடுச்சு.

— அப்பாடா.

— நிம்மதியா இருக்கா?

— நெஞ்சுல இருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வெச்ச மாதிரி இருக்கு.

— அதுக்குத்தான்டா காட்டல.

— என்ன?

— இந்த 'அப்பாடா'வக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. அதான் காட்டல. காபிய ஊத்து, நான் ஊத்துனா வேற நீ உக்காந்து கை எப்படி மடங்குதுன்னு பாப்பே.

— புரியல அக்கா. நான் நிம்மதியா இருக்கறது உனக்குப் புடிக்கலையா?

— என் கிளினிக்குக்கு ஷட்டர் மாட்டினாரே, அந்த ஷட்டர்காரர் இப்ப எங்க இருக்காரு தெரியுமா?

— தெரியாது.

— பெரிய மளிகைக் கடை ஒண்ணு வந்திருக்குல்ல, அங்க வண்டி நிறுத்தற எடத்துல விசில் ஊதிக்கிட்டு நிக்கறாரு. சொந்தமா பட்டறை வெச்சிருந்த மனுஷன், உங்க மாமா போய்ப் போட்ட சண்டைக்கப்புறம் யாரும் வேலை குடுக்கல. நான் போறப்பல்லாம் ஓடி வந்து வண்டிக்கு எடம் பாத்துக் குடுப்பாரு. குடுத்துட்டு ஒரே கேள்வி. "டாக்டரம்மா, கை எப்படி இருக்கு?" ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. ஒவ்வொரு தடவையும் இந்தக் கைய பைக்குள்ள விட்டு மறைச்சுக்கிட்டு, "அப்படியேதான் இருக்கு"ன்னுட்டு வருவேன்.

— அவரு எதுக்கு நம்மகிட்ட...

— எதுக்குன்னா? அவரு மாட்டின ஸ்பிரிங் அறுந்துதான் என் விரல் போச்சுன்னு அவரே நம்பறாருடா. ராத்திரி படுத்தா, எந்த ஸ்க்ரூவ முடுக்காம விட்டேன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பாராம். என்கிட்டயே சொல்றாரு. நான் தலைய ஆட்டிக்கிட்டு நிக்கறேன்.

— அன்னைக்கு எனக்கு வாயில வந்தத சொல்லிட்டேன் அக்கா. வேணும்னு சொல்லல.

— தெரியும்.

— ஆஸ்பத்திரில மாமா ஓடி வந்தாரு. சட்டைல பட்டன்கூட ஒழுங்கா போடல. "எப்படிடா ஆச்சு?"ன்னு என் தோளைப் புடிச்சு உலுக்கினாரு. நான் ஆபீஸ் போன் பேசிக்கிட்டே, கீழ பாக்காம ஒரே இழுப்பா ஷட்டர இழுத்தேன்னு எப்படி சொல்றது? "தானா இறங்கிடுச்சு மாமா, ஸ்பிரிங் விட்டுடுச்சு போல"ன்னு... வந்துடுச்சு.

— நான் பூட்டு விழுந்துச்சேன்னு எடுக்கக் குனிஞ்சிருந்தேன். "இருடா"ன்னேன். உன் காதுல விழல.

— விழல.

— கத்தினப்பவும் நீ போன்ல "ஒன் மினிட்"னுதான் சொன்னே. அது என் காதுல இன்னும் கேக்குது. அத விடு. அத நான் மன்னிச்சுட்டேன். மறதி, அவசரம், எல்லார் வீட்லயும் நடக்கறது. என் தம்பி கைல என் கை நசுங்குச்சு, நான் பொறுத்துக்கறேன். வேற ஒருத்தர் எதுக்குடா பொறுத்துக்கணும்?

— மாமா அப்படிப் போய் சண்ட போடுவாருன்னு எனக்குத் தெரியாது.

— தெரிஞ்சப்புறம்?

— நீயும்தானே ஆமான்னே அக்கா.

— ஆமான்னேன். மயக்கம் தெளிஞ்சும் தெளியாம கெடந்தேன். உங்க மாமா "ஸ்பிரிங்கா?"ன்னாரு. அவர் பின்னாடி நீ நின்னே. வெளிறிப்போய், அஞ்சாங் கிளாஸ்ல கண்ணாடிய ஒடைச்சுட்டு என்னைப் பாத்தியே, அதே மூஞ்சி. தலைய ஆட்டிட்டேன். நான் ஒண்ணும் யோக்கியம் இல்ல. அந்தத் தலையாட்டுதான் எனக்கு இன்னும் கூடல, விரல் எல்லாம் கூடிடுச்சு.

— நீயே மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருக்கலாம். எத்தனையோ நாள் அவருக்கு சோத்தப் போட்டுட்டு சொல்ல வாயத் தொறப்பேன். ஆனா நான் சொன்னா அது உன்னைக் காட்டிக் குடுக்கறது. நீ சொன்னாதான்டா அது உண்மை. வீட்டுக்கு வந்தப்ப முதல் வேலையா உன்கிட்ட கேட்டேன், ஞாபகம் இருக்கா? மாடிப்படில உக்காந்து?

— இருக்கு.

— என்ன சொன்னே?

— வேணாம் அக்கா.

— சொல்லு. உன் வாயால.

— "முதல்ல உன் கை சரியாகட்டும். சரியான அன்னைக்கே மாமாகிட்ட நானே சொல்லிடறேன்"னேன்.

— சொன்னேல்ல? அதுக்கப்புறம்தான் இந்தப் புரோகிராம், புள்ளி, கோடு எல்லாம். ராப்பகலா உக்காந்து எழுதினே. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. என் விரல் ஒவ்வொண்ணுக்கும் நாலு புள்ளி வெச்சுப் பாக்கற தம்பி யாருக்குக் கெடைப்பான்? ஆனா ஒரு நாளாவது போன் போட்டு அந்த ஆளு எப்படி இருக்காருன்னு கேட்டியா?

— பயம் அக்கா.

— எனக்கும்தான்.

— உனக்கென்ன பயம்? கை சரியானதும் சொல்றேன்னுதானே சொன்னேன். நீ காட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.

— சொல்லியிருப்பியா?

— அதாவது...

— பாத்தியா, ஒடனே 'அதாவது' வந்துடுச்சு.

— சொல்லியிருப்பேன் அக்கா.

— அந்த 'அதாவது'தான்டா என் பயம். ஒரு நாள் காலைல சட்டுனு எல்லா விரலும் மடங்குச்சு. பல் தேய்க்கறப்ப. பிரஷ்ஷ வலது கையால புடிச்சிருக்கேன்னு பாதி தேய்ச்சப்புறம்தான் கவனிச்சேன். சந்தோஷத்துல உனக்குத்தான் முதல்ல போன் எடுத்தேன். எடுத்துட்டு வெச்சுட்டேன். சரி, கை சரியாச்சு, இனி இவன் சொல்லணும். சொல்லலன்னா? சொல்லாம நழுவிட்டான்னா? அப்புறம் என் தம்பி எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரிஞ்சுபோயிடும்ல. அத தெரிஞ்சுக்கறதுக்கு மொடமாவே இருந்துடலாம்னு தோணுச்சு. அதான் தினமும் கேமரா முன்னாடி விறைப்பா நீட்டி, பாதில நிறுத்துவேன். கடைசில போன எடுக்கறப்ப மறந்துபோச்சு.

— இதுக்காக கிளினிக்க மூடியே வெச்சிருந்தியா? உன் வேலையே போச்சே.

— அந்த ஆளு பட்டறைய மூடிட்டு நிக்கறப்ப நான் மட்டும் தொறந்து உக்காரவா? மனசு வரல.

— இன்னைக்கு சொல்லிடறேன்.

— சத்தியம் கித்தியம் வேணாம்.

— சத்தியம் பண்ணல. மாமா கடைய மூடிட்டு சாப்பிட வருவாருல்ல? வந்ததும் சொல்லிடறேன். கை சரியாயிடுச்சு, வாக்கு குடுத்தேன், சொல்லிடறேன்.

— நெஜமாவா?

— நெஜமா. எப்படி ஆரம்பிக்கறது?

— பல்லு புடுங்கற மாதிரிதான். இடுக்கிய காட்டிக்கிட்டே நின்னா பேஷண்ட் ஓடிடுவான். வாயத் தெறந்ததும் புடுங்கிடணும்.

— "மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

— "என்ன மாப்ள, பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?"

— வெளையாடாதே அக்கா.

— அவரு அப்படித்தான்டா கேப்பாரு. அதுக்கும் தயாரா இரு.

— "மாமா, அன்னைக்கு ஷட்டர் தானா விழல. நான்தான் இழுத்தேன்."

— இதான். இவ்ளோதான். இத அப்படியே சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம்.

— திட்டுவாரு.

— திட்டட்டும். அடிக்கக்கூட செய்யட்டும். மூணு நாள் பேசமாட்டாரு, நாலாம் நாள் உனக்குப் புடிச்சத வாங்கிட்டு வந்து நிப்பாரு. அவர எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறம் மூணு பேருமா போய் அந்த மனுஷன் முன்னாடி நிப்போம். வண்டிச் சத்தம் கேக்குது பாரு. மூஞ்சியத் தொடச்சுக்கோ. அந்தச் சோப்புப் பல்ல உள்ள வை.

— உள்ள வெச்சுட்டேன்.

— போய்க் கதவத் தொற. மாமா வந்துட்டாரு.

— அடடா, மாப்ள வந்தாச்சா? கடைல ஒரு போன் போட்டிருந்தா சீக்கிரம் சாத்திட்டு வந்திருப்பேன்ல. மருந்துக் கடைய விட்டுட்டு வந்தா என்ன, ஊருக்குத் தலைவலி கொஞ்சம் அதிகமாகும், அவ்ளோதானே.

— வாங்க மாமா.

— என்னடா கண்ணு செவந்திருக்கு? ரெண்டு பேரும் சண்டையா?

— வெங்காயம் அரிஞ்சான்.

— பாத்தியா, அக்கா கைக்கு பதிலா இவன் கை. மாப்ள, உன்னைப் பத்தித்தான் இப்பக்கூட பேசிட்டு வர்றேன். என் கடைக்கு எதுத்தாப்புல புதுசா ஒரு துணிக்கடை வருது. அந்த ஓனர்கிட்ட சொன்னேன், "என் மச்சான் ஒருத்தன் இருக்கான்யா, அக்காவோட ஒவ்வொரு விரலையும் கம்ப்யூட்டர்ல வெச்சுக் காப்பாத்தறான். கூடப் பொறந்தா இப்படிப் பொறக்கணும்"னேன். அந்தாளு கண்ணுல தண்ணி.

— மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம்...

— இரு, இதக் கேளு முதல்ல. அங்க யாரு வந்து நின்னான்னு நினைக்கறே? அந்த ஷட்டர்காரன். புதுக் கடைக்கு அஞ்சு ஷட்டராம், வேலை கேட்டு வந்திருக்கான். ஓனர் என்னப் பாத்து, "இவரு வேலை எப்படி சார்?"னு கேட்டாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்ன சொல்றது? உள்ளதத்தான் சொன்னேன். அவன் முன்னாடியே சொன்னேன். "இவன் மாட்டின ஸ்பிரிங்தான் என் வீட்டுக்காரி கையத் தின்னுச்சு"ன்னு. ஒரு வார்த்த எதுத்துப் பேசல. "ஆமா சார், தப்பு என்னோடதுதான்"னு ஓனருகிட்ட கும்பிட்டுட்டுப் போயிட்டான்.

— ஐயோ.

— நீ என்னம்மா ஐயோங்கறே? எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அன்னைக்கு நடுத்தெருவுல, அவன் பொண்ணு பாத்துக்கிட்டு நிக்கறப்ப அவன கன்னத்துல அறைஞ்சுட்டேன். வாழ்க்கைல நான் யாரையும் கை நீட்டினதில்ல. இன்னும் உறுத்துது. சில நாள் கடைல உக்காந்திருக்கறப்ப அந்தப் பொண்ணு மூஞ்சி வரும். அப்பல்லாம் இவ விரல நினைச்சுக்குவேன். நான் செஞ்சது சரிதான், சரிதான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அந்த நினைப்பு மட்டும் இல்லன்னா நான் மனுஷனாவே தலை நிமிர முடியாது மாப்ள.

— அறைஞ்சீங்கன்னு... அக்கா, நீ சொல்லவே இல்ல.

— எனக்கே இப்பதான் தெரியுது.

— யார்கிட்டயும் சொல்லல. பெருமையா சொல்லிக்கற விஷயமா அது? சரி, அத விடுங்க. மாப்ள, நீ என்னவோ சொல்ல வந்தே.

— ஆமா மாமா.

— சொல்லு. லேப்டாப்ப வேற தொறந்து வெச்சிருக்கே. புள்ளியெல்லாம் நல்லாத்தானே ஓடுது? என்ன சொல்லுது உன் மெஷின்? இவ கை எப்ப சரியாகும்?

— அவன்கிட்டயே கேளுங்க. அவன்தான் சொல்லணும்.

— சொல்லு மாப்ள. எதுவா இருந்தாலும் தைரியமா சொல்லு. நான் தாங்கிக்குவேன்.

— இன்னும் கொஞ்ச நாள் ஆகும் மாமா.